முகாம் பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கை: சான்றிதழ் இல்லாதபோது

தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களின் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சேர்க்கை கேட்கும்போது முதலில் இடிப்பது பிறப்புச் சான்றிதழ். ஆனால் 6 முதல் 14 வயதுவரை அது இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 14(2).

வாய்வார்த்தையில் இது நகராது. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு விண்ணப்பம் எழுதி, முகாம் குடும்ப அட்டை நகலையும் பிள்ளையின் வயது பற்றிப் பெற்றோர் எழுதித் தந்த உறுதிமொழியையும் இணைத்து, நம் நகலில் தேதியோடு பள்ளியின் கையெழுத்து வாங்கினேன். அதன்பிறகே வேலை நடந்தது.

வகுப்பையும் வயதுக்கேற்பவே கேளுங்கள். பிரிவு 4 அதைத் தருகிறது, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சியும் உண்டு; 14 தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடிக்கலாம். பதினொரு வயதுப் பெண்ணை இரண்டாம் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் கூச்சத்திலேயே நின்றுவிடுவாள். இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

அப்புறம் பெயர். அட்டையில் அப்பா ‘சிவகுமார்’, இலங்கைச் சான்றிதழில் ‘சிவகுமாரன்’ என்றிருக்கும். சேர்க்கைப் பதிவேட்டில் ஏறுவதுதான் பிறகு எல்லாத் தாளிலும் தொடரும். ஆகவே கையெழுத்திடுமுன் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் ஆங்கில எழுத்துக்கூட்டலோடு ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சான பின் திருத்துவது பெரிய அலைச்சல். அதற்கு முன்பே பள்ளியில் எழுதிக்கொடுத்துத் திருத்திவிடுங்கள்.