டர்பன் வீட்டில் முதல் உப்புத் தண்ணீர் மீன்தொட்டி

உப்புத் தண்ணீர்த் தொட்டி வைக்கப் போகிறேன் என்று டர்பனில் யாரிடம் சொன்னாலும், "கடல்தான் பக்கத்திலேயே இருக்கே, நாலு கேன் மொண்டுட்டு வந்தா ஆச்சு" என்பார்கள். அது வேண்டாம். மழை பெய்தால் உம்கேனி ஆறு அடித்துக்கொண்டு வருவதெல்லாம் கரையோரத்தில்தான் கலக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்ததால் கடற்கரைகளில் குளிக்கவே தடை போட்டிருந்தார்கள். கரையிலிருந்து பாறையைப் பெயர்த்துக்கொண்டு வருகிற வேலையும் கூடாது, பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம். மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்பை வாங்கி வீட்டில் கரைப்பதுதான் வழி. சமையல் உப்பு ஆகாது, அதில் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கடலில் இருக்கும் அளவுக்கு இருக்காது.

தொட்டி சின்னதாக இருந்தால் சுலபம் என்று நினைக்காதீர்கள், நேர் எதிர். 40 லிட்டரில் ஒரு மீன் செத்தாலே தண்ணீர் மொத்தமும் கெட்டுவிடும், 200 லிட்டரில் சமாளிக்க நேரம் கிடைக்கும். ஆனால் 200 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 200 கிலோவுக்கு மேல், கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 300 கிலோவை நெருங்கும். மாடி வீடு என்றால் நடு ஹாலில் வைக்காமல் சுவரோரமாக, ஜன்னல் வெயில் படாத இடமாகப் பாருங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் கீழே வேண்டாம். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போகும் முன்னால் கொஞ்சம் கீழே தொங்கி அப்புறம் மேலே ஏறட்டும், ஒயர் வழியாக வடியும் தண்ணீர் தரையில் சொட்டுமே தவிர பிளக்குக்குள் போகாது.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. குளோரின் ஒரு பக்கம், கீசரின் செம்புக் குழாய் வழியாக வரும் செம்பு இன்னொரு பக்கம். செம்பு கொஞ்சம் இருந்தாலும் இறாலும் நத்தையும் தாங்காது. ஆர்ஓ டிஐ ஃபில்டரில், அதாவது தண்ணீரில் கரைந்திருப்பதை ஏறக்குறைய முழுதுமே நீக்கிவிடும் ஃபில்டரில், வடித்த தண்ணீர்தான் வேண்டும். 200 லிட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ உப்பு பிடிக்கும். தண்ணீரை முதலில் நிரப்பி, பம்ப்பை ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மாற்றிச் செய்தால் கால்சியம் சுண்ணாம்பு மாதிரி அடியில் படிந்துவிடும். ஒரு நாள் சுற்றவிட்டு, உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு) 1.025 அல்லது 1.026 காட்ட வேண்டும். அந்த மீட்டரையும் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நான் சறுக்கினேன். மீன் விட்ட பிறகு நடந்தது இது. தொட்டியில் தண்ணீர் தினமும் குறையும், நானும் உப்புத் தண்ணீர்த் தொட்டிதானே என்று உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு இருந்தேன். மூன்று வாரத்தில் மீன் ஒரு மூலையில் ஒதுங்கி, செவுள் படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. மீட்டரில் பார்த்தால் 1.030. ரசம் அடுப்பில் சுண்டினால் கரிக்கும் அல்லவா, அதே கதைதான், ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்ததற்கு உப்புப் போடாத, ஃபில்டரில் வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டிக் கோடு வைத்துக்கொள்ளுங்கள், தினமும் அந்தக் கோடு வரைக்கும் ஊற்றினால் போதும். ஏறின உப்பை ஒரே நாளில் இறக்கவும் கூடாது, நான் ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது காத்திருப்பு. மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும், அது விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் கெடுதல்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது அவ்வளவு மோசமில்லை. இந்தப் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் வேண்டாம், பாக்டீரியாவுக்குத் தீனியாக அமோனியா மட்டும் போதும். பலரும் ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிடுவார்கள். நான் தொடங்கியது புரட்டாசியில், இறால் வாசப்படி தாண்டி வரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அதனால் மீன்தொட்டிக்கென்று வரும் அம்மோனியம் குளோரைடு சொட்டுகளைப் போட்டு அமோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரை ஏற்றினேன். உண்மையில் அதுதான் சுத்தமான வழி, நாற்றமும் இல்லை. பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒரு சின்னப் பாறைத் துண்டு கிடைத்தால் தயிருக்கு உறை ஊற்றிய மாதிரி, வேலை சீக்கிரம் நடக்கும். 2 பிபிஎம் அமோனியா போட்டு, 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். நைட்ரேட் ஏறியிருக்கும், கொஞ்சம் தண்ணீர் மாற்றிவிடுங்கள்.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். 2022, 2023இல் லோட் ஷெட்டிங்கில் பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பம்ப் நின்றால் முதலில் தீர்வது ஆக்சிஜன், சூடு குறைவதெல்லாம் அதற்கப்புறம்தான். கரண்ட் போனதும் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் தொட்டித் தண்ணீரை அலைய வைக்கும் வேவ்மேக்கர் பம்ப்பை மாட்டுங்கள், ஹீட்டரை மாட்டினால் பேட்டரியைக் குடித்துவிடும். தண்ணீர் 25 டிகிரி வாக்கில் இருக்கட்டும். பிப்ரவரிக் கோடைப் புழுக்கத்தில் அது தானாக 29, 30க்குப் போகும், மேல்பரப்பில் ஃபேன் அடித்தால் இறங்கும். ஆனால் நம் ஊர் ஈரக் காற்றில், வறண்ட ஜோஹன்னஸ்பர்க்கில் இறங்குகிற அளவுக்கு இறங்காது. ஃபேன் போட்டால் தண்ணீரும் வேகமாகக் குறையும், டேப் கோட்டைப் பாருங்கள்.

தீபாவளி கழிந்துதான் எனக்கு முதல் மீன் வந்தது. தொட்டியில் வளர்த்த கிளவுன்ஃபிஷ் ஒரு ஜோடி வாங்குங்கள், கடலில் பிடித்ததைவிட உறுதி, தீனியும் பழகியிருக்கும். சின்ன வயதில் எல்லாமே ஆண், பெரியதாக வளர்வது பெண்ணாக மாறிவிடும், அதனால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று எடுத்தால் சண்டை குறைவு. விலை குறைவு என்று டேம்சல் என்ற சின்னச் சண்டைக்கார மீனை வாங்கினால் பின்னால் வரும் எதையும் வாழவிடாது. நீல டாங் என்ற மீன் குட்டியாக இருக்கும்போது அழகாக இருக்கும், 30 சென்டிமீட்டர் வரை வளரும், இந்தத் தொட்டி அதற்குப் போதாது. கடைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாமல் மீனை மட்டும் விடுங்கள். அடுத்த மீனுக்கு இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும்.

கொஞ்ச நாளில் மணலெல்லாம் பழுப்பாகப் பாசி படியும். பயந்து மருந்து ஊற்றாதீர்கள், புதுத் தொட்டியில் அது வரும், சில வாரத்தில் போகும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 10, 15 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், இதற்கு மட்டும் உப்புத் தண்ணீர். நீங்கள் ஊருக்குப் போகும்போது வீட்டில் இருப்பவர்கள் பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். நான் மாத்திரை டப்பாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிட்டிகை தீனி வைத்துவிட்டு, மீதி டின்னைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்புவேன்.