எச்.ஐ.வி. பயமா? எந்த நாளில், எங்கே, எப்படிப் பரிசோதிப்பது

கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் ஒரு காட்டேஜைப் பார்த்துக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன் மே மாத சீசனில் ஒருவரோடு ஆணுறை இல்லாமல் இருந்துவிட்டேன். அடுத்த நான்கு மாதத்தில் எட்டு முறை ரத்தம் கொடுத்தேன். அதில் நான்கு சீக்கிரமாகப் போனவை, இரண்டு தேவையே இல்லாதவை. உருப்படியானவை இரண்டுதான். அந்த இரண்டோடு நீங்கள் முடித்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் மணியைப் பாருங்கள்

சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் இந்தப் பதிவை அப்புறம் படிக்கலாம், கிளம்புங்கள். தொற்று உடம்பில் பிடிப்பதைத் தடுக்கும் மாத்திரை இருக்கிறது. ‘பெப்’ என்பார்கள். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் தரமாட்டார்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. “நாளைக்குக் காலை பஸ்ஸில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம்” என்று இரண்டு நாள் தள்ளினால், வத்தலக்குண்டு போய்ச் சேர்வதற்குள் கணக்கு முடிந்துவிடும். முதலில் பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கேளுங்கள். அங்கே இல்லையென்றால் திண்டுக்கல், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. மையம், அதாவது எச்.ஐ.வி. சிகிச்சை மையம் இருக்கிறது. கேட்க வாய் வரவில்லையென்றால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்கு போன் செய்யுங்கள். இலவசம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

நான் மூன்றாம் நாள் ஒரு தனியார் லேபுக்குத்தான் போனேன். அங்கே மாத்திரையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ரத்தத்தை எடுத்துக்கொண்டு காசை வாங்கிக்கொண்டார்கள்.

படி 2: நடந்தது என்ன என்று நேர்மையாக யோசியுங்கள்

முத்தம், கட்டிப்பிடித்தல், ஒரே டம்ளரில் டீ, கொசுக்கடி, லாட்ஜ் பாத்ரூம் இவற்றால் பரவாது. ஆணுறை கிழியாமல் கடைசிவரை இருந்திருந்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆணுறை இல்லாமல், எதிராளிக்குத் தொற்று இருந்து அவர் சிகிச்சையில் இல்லாவிட்டாலும், ஒரு தடவை பெண்குறி வழி உறவில் ஆணுக்குப் பரவும் வாய்ப்பு பத்தாயிரத்தில் 4 போல, பெண்ணுக்கு 8 போல என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆசனவாய் வழியில் ஏற்கிறவருக்கு அது 138 வரை போகும். ராத்திரி இரண்டு மணிக்கு மனசு சொல்கிற கணக்கு நூற்றுக்கு நூறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 3: காலண்டரில் வட்டம் போடுங்கள்

கிருமி உள்ளே போன மறுநாளே பரிசோதனையில் தெரியாது. பரிசோதனை தேடுவது பெரும்பாலும் நம் உடம்பு அந்தக் கிருமிக்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது உருவாக வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் ரத்தம் கொடுத்தால், தொற்று இருந்தாலும் இல்லை என்றுதான் சீட்டு வரும். ஒன்பதாம் நாள் வந்த சீட்டைப் பார்த்து நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டது இந்த அறிவில்லாமல்தான்.

லேபில் கை நரம்பில் ரத்தம் எடுத்துச் செய்யும் ‘ஃபோர்த் ஜெனரேஷன்’ பரிசோதனை, எதிர்ப்பொருளோடு கிருமியின் பி24 என்ற புரதத்தையும் சேர்த்துத் தேடும். இது 18 முதல் 45 நாளுக்குள் காட்டிக்கொடுக்கும். எதிர்ப்பொருளை மட்டும் தேடுபவைக்கு 23 முதல் 90 நாள். விரல் குத்திப் பார்க்கும் கிட்டுகளில் பல இந்த இரண்டாவது வகை. கிருமியின் மரபுப்பொருளையே தேடும் ‘நாட்’ 10 முதல் 33 நாளில் காட்டும், ஆனால் விலை அதிகம். சாதாரணமாக அது தேவைப்படாது.

ஆக, சம்பவ நாளைப் பூஜ்யமாக வைத்து எண்ணுங்கள். மே 10 என்றால் 45-ஆம் நாள் ஜூன் 24. 90-ஆம் நாள் ஆகஸ்ட் 8. இரண்டு வட்டம், அவ்வளவுதான். முதல் வாரத்தில் ஒன்று எடுக்கச் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தொற்று இருந்ததா என்று பார்ப்பதற்கு அது. இந்தச் சம்பவத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ‘பெப்’ மாத்திரை எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், தேதியை டாக்டரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: இடையில் வரும் நாட்கள்

இதுதான் கஷ்டமான படி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்ப்பேன். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று அமுக்கி அமுக்கியே வலி வந்தது. ஜூன் மாதச் சாரலில் தொண்டை கரகரப்பும் காய்ச்சலும் இல்லாத ஆள் எங்கள் ஊரில் உண்டா? எனக்கு மட்டும் அது எச்.ஐ.வி.யாகத் தெரிந்தது. சோறு இறங்கவில்லை, எடை குறைந்தது. எடை குறைந்ததும் அதுவே இன்னொரு அறிகுறியாகிவிட்டது. புதுத் தொற்றில் காய்ச்சல், தடிப்பு, தொண்டைவலி வரலாம், வராமலும் போகலாம். சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் இதே வரும். அறிகுறியை வைத்து எந்தப் பக்கமும் முடிவுக்கு வர முடியாது.

தூக்கம் அறவே போனால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசலாம். இந்த நாட்களில் துணையோடு ஆணுறை கட்டாயம். “ரத்த தானம் செய்தால் அவர்களே டெஸ்ட் செய்து சொல்லிவிடுவார்கள்” என்று ஒரு நண்பன் எனக்கு யோசனை சொன்னான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதே இடைவெளியில் அங்கேயும் தப்பிப்போய், அந்த ரத்தம் இன்னொருவர் உடம்பில் ஏறும்.

படி 5: எங்கே போவது

அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்று போர்டு இருக்கும். பரிசோதனை, ஆலோசனை இரண்டும் இலவசம். சின்ன ஊரில் மருந்து எடுத்துக்கொடுக்கிறவர் சித்தப்பா முறையாக இருப்பார், லேப் பையன் கூடப் படித்தவனாக இருப்பான். அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. உங்கள் ஊர் மையத்துக்குத்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காமக்காபட்டி சோதனைச்சாவடியைத் தாண்டிக் கீழே இறங்கினால் நம்மைத் தெரிந்தவர்கள் குறைவு. எங்கே போனாலும், 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது.

படி 6: உள்ளே என்ன நடக்கும்

வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. ஆலோசகர் முதலில் தனியாகப் பேசுவார். தேதியை மறைக்காமல் சொல்லுங்கள், ஒழுக்கத்தைப் பற்றிப் பாடம் எடுக்க அவர் அங்கே இல்லை. கூடவே சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையையும் கேளுங்கள். ரேபிட் கிட் என்றால் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம், அதன்மேல் இரண்டு சொட்டு திரவம். சிவப்பு மெல்ல ஊர்ந்து போகும். ‘சி’ கோடு வந்தால் கிட் வேலை செய்கிறது என்று பொருள், அது வராவிட்டால் அந்த கிட் செல்லாது. ‘டி’ கோடு வந்தால் ‘ரியாக்டிவ்’, அதாவது தொற்று இருக்கலாம் என்று பொருள்; மங்கலாக வந்தாலும் வந்ததுதான். கிட்டுக்குத் தகுந்தபடி பதினைந்து, இருபது நிமிடம். குறித்த நேரம் தாண்டிப் பார்த்தால் தப்பாகத் தெரியலாம்.

படி 7: முடிவைப் புரிந்துகொள்வது

45-ஆம் நாள் அந்த ஆலோசகர் அம்மா சீட்டைப் பார்த்து “நான் ரியாக்டிவ்” என்றார். எனக்கு அந்த ‘நான்’ தமிழ் ‘நான்’ ஆகக் கேட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு இது பழகியிருக்கும் போல, “இல்லைப்பா, உனக்கு இல்லை” என்று உடனே சொன்னார்.

முதல் கிட்டில் ‘ரியாக்டிவ்’ வந்தாலும் அத்தோடு முடியவில்லை. ஆயிரம் பேரில் இரண்டு பேருக்குத் தொற்று என்று வையுங்கள். தொற்று இல்லாதவர்களில் 99.5 சதவீதத்தினரைச் சரியாகச் சொல்லும் கிட் கூட ஐந்து பேரைத் தவறாகக் காட்டும். ஏழு பேருக்குக் கோடு வந்தால் இரண்டு பேருக்குத்தான் உண்மை. அதனால்தான் அரசு மையங்களில் வேறு வேறு வகையான மூன்று பரிசோதனைகளிலும் வந்தால் மட்டுமே ‘பாசிட்டிவ்’ என்று எழுதுவார்கள். தனியார் லேபில் ஒரே கிட்டை வைத்துச் சொன்னால் நேராக நம்பிக்கை மையத்துக்கு வாருங்கள். உறுதியானால் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை இலவசம். பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒன்று. ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது.

90-ஆம் நாளும் இல்லை என்று வந்த பிறகு, நான் இன்னும் இரண்டு முறை போனேன். இரண்டாவது தடவை அந்த அம்மா ஊசியையே எடுக்கவில்லை. “எத்தனையாவது சீட்டை நம்புவே?” என்று கேட்டார். பதில் தெரியவில்லை. எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன், எடுத்தார். அந்தச் சீட்டை வாங்காமலேயே மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்து மலையேறிவிட்டேன்.