பிவிஐடி என்ற ஒரு கட்டத்தால் போன ஞாயிற்றுக்கிழமை

திருநெல்வேலியில் நண்பர் நடத்தும் ரியூஷன் சென்டரில் அலுவலகக் கணினிகளையும் பெடியளின் வைஃபையையும் பிரிக்க வேண்டியிருந்தது. லினக்ஸ் சேர்வரில் இருப்பதோ ஒரே நெட்வேர்க் கார்ட். சரி, அதற்கு மேலேயே அலுவலகத்துக்கு விலான் 10, வைஃபைக்கு விலான் 20 என்று (விலான் என்றால் ஒரே வயரில் ஓடும் தனித்தனி நெட்வேர்க்) இரண்டு மெய்நிகர் இன்டர்ஃபேஸ் உருவாக்கி, தனித்தனி ஐபியும் கொடுத்தேன். அலுவலகப் பக்கம் உடனே வேலை செய்தது, போன்களுக்கு மட்டும் ஐபி வரவே இல்லை.

ஐபி பங்கிடும் டிஎச்சிபியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், இரண்டு மணித்தியாலம். பிறகு அடியில் இருக்கும் அசல் கார்டில், வந்துபோகும் ஃபிரேம்களை (தரவுப் பொதிகளை) காட்டும் டிசிபிடம்ப்பை மைனஸ் ஈ போட்டு ஓடவிட்டால், போன்களின் கோரிக்கை வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் விலான் எண்ணைச் சொல்லும் டேக் இல்லாமல்! டேக் இல்லாத ஃபிரேமை 20ஆம் இன்டர்ஃபேஸ் கண்டுகொள்ளவே கொள்ளாது.

பிழை சுவிச்சில். வைஃபை போர்ட்டை 20இல் அன்டேக்டாகச் சேர்த்திருந்தேன், ஆனால் அது வெளியே போகும் ஃபிரேமுக்குத்தான். உள்ளே வருவது எந்த விலானுக்குப் போகும் என்று சொல்வது அந்தப் போர்ட்டின் பிவிஐடி என்ற கட்டம், அது பழையபடி 1இலேயே கிடந்தது. அதை 20 ஆக்கினேன், இன்னும் வரவில்லை. பார்த்தால் சேர்வர் போர்ட்டும் 20இல் அன்டேக்ட், சுவிச் டேக்கைக் கழற்றிவிட்டு அனுப்புகிறது. டேக்ட் என்று மாற்றியதும் போன்கள் வரிசையாக ஏறின.

பின்னேரம் கரண்ட் போய் வந்தது, எல்லாம் பழையபடி. ஐபி லிங்க் கட்டளையில் போட்டது ரீபூட்டோடு போய்விடும், அதை, பூட்டாகும்போது படிக்கப்படும் நெட்பிளான் கோப்பில் எழுதினேன். சுவிச்சிலும் சேவ் பொத்தான் தனியாக இருக்கிறதாம்.