ஊரில் பொலிஸ் மறித்தால்

விடுமுறைக்கு யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்புப் பக்கம் போகிறவர்களைப் பொலிஸ் மறிப்பது கூடுதலாகத் தெருவில்தான், அதுவும் மச்சானின் மோட்டார் சைக்கிளில் கோயிலுக்குக் கிளம்பும்போது. கனடா, லண்டன் லைசன்ஸ் மட்டும் அங்கே போதாது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு இலங்கையில் அங்கீகாரம் வாங்க வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். கார் லைசன்ஸை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடவும் முடியாது. வாகனத்தின் வருமான அனுமதிப்பத்திரமும் (ரெவனியூ லைசன்ஸ்) காப்புறுதியும் கையில் இருக்கட்டும். ஹெல்மெட் பின்னால் இருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

சிறிய குற்றமென்றால் தண்டப்பத்திரம் எழுதித் தருவார்கள். காசை 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்டலாம். தெருவில் கையில் கொடுக்கும் காசுக்குப் பெயர் தண்டம் அல்ல. பவுணில் கணக்குப் பார்த்தால் சில்லறைதானே என்று நீட்டுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். வாங்குவது போலக் கொடுப்பதும் குற்றம், அடுத்ததாக வரும் உள்ளூர்ப் பெடியனிடமும் அதே காசைத்தான் எதிர்பார்ப்பார்கள். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

தெருவை விடக் கவனம் தேவைப்படுவது வீட்டுப் படலைக்கு வரும் விசாரணை. சிவில் உடுப்பில் இருவர் வந்து, யார் வந்திருக்கிறார், எப்போது திரும்புகிறார் என்று கேட்பார்கள். பதறவும் வேண்டாம், வாய் காட்டவும் வேண்டாம். "எந்த ஸ்டேசனில இருந்து வாறீங்கள் சேர், என்ன விஷயமா?" என்று கேட்டு, பெயரையும் அடையாள அட்டையையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்றால், என்ன முறைப்பாடு, யாரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டு, எழுத்தில் தரச் சொல்லுங்கள். தனியாகப் போக வேண்டாம். 2012இல் வர்த்தமானியில் வந்த விதிகளின்படி பொலிஸ் நிலையத்தில் உங்களுக்காகச் சட்டத்தரணி முன்னிலையாகலாம்.

வாக்குமூலம் எடுத்தால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. சிங்களத்தில்தான் எழுதுவோம் என்றால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். அதற்கு ஆள் இல்லையென்றால் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு இருங்கள். பெண்களை உடல் சோதனை செய்ய வேண்டியது பெண் உத்தியோகத்தர்தான்.

கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். இது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரணக் குற்றச்சாட்டில், பயண நேரம் தவிர்த்து 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அந்தக் கணக்கு இல்லை. அங்கே 72 மணித்தியாலம், அதன்பிறகு அமைச்சரின் தடுப்புக்காவல் உத்தரவு. அதன் உச்சக் காலத்தை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது. அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தச் சட்டத்தின் கீழ் என்பதுதான். அந்தச் சட்டத்தில் பிடித்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும். அவர்கள் அறிவிக்கும்வரை உங்கள் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அடிக்கலாம். யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை ஆகிய இடங்களில் ஆணைக்குழுவின் அலுவலகங்கள் உண்டு.

அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் தவணை. திரும்பி வந்து ஆறுதலாகப் பார்ப்போம் என்று விடுகிறவர்களுக்கு அது கைதவறிப் போகும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டில் உள்ளே போனால், சிக்கல் வரும்போது மற்ற நாட்டுத் தூதரகத்தால் அதிகம் செய்ய முடியாது. எதைக் காட்டி இறங்குவது என்று டிக்கெட் போடும்போதே முடிவெடுங்கள்.

தொலைபேசியையும் ஒருமுறை பாருங்கள். தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னம், படம், பாட்டு, பழைய முகநூல் பதிவு எல்லாமே கேள்வியாகலாம். 2014லும் 2021லும் புலம்பெயர் அமைப்புகளையும் ஆட்களையும் பட்டியலிட்டு வர்த்தமானி வந்தது. சிலவற்றை 2022இல் நீக்கினார்கள். அமைப்புகளில் இருப்பவர்கள் பட்டியலைப் பார்க்காமல் விமானம் ஏற வேண்டாம். இராணுவ முகாமைப் படமெடுப்பதும், அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடுவதும் தேவையில்லாத வேலை. உங்களிடம் திரும்பும் டிக்கெட் இருக்கிறது. நீங்கள் போன பிறகு அதே படலையில் வந்து கேட்கும்போது பதில் சொல்லப்போவது மாமி.

புறப்படும் முன் கடவுச்சீட்டுப் பிரதி, தூதரக இலக்கம், ஊரில் ஒரு சட்டத்தரணியின் இலக்கம் மூன்றையும் மாமியிடமே கொடுத்து வையுங்கள். கடவுச்சீட்டு தொலைந்தால் உடனே பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை வாங்குங்கள், தூதரகம் முதலில் கேட்கும் கடதாசி அதுவாகத்தான் இருக்கும்.