காலனி ஆட்சிக்கு உட்பட்ட நாட்டின் வரலாற்றைப் பகுப்பதும் படிப்பதும்: ஊர் வரலாறு எழுதப் புகுவோருக்கு

ஊர் வரலாறு எழுதத் தொடங்குகிறவர் பெரும்பாலும் முதலில் பொருளடக்கத்தைத்தான் எழுதுகிறார். பண்டைக் காலம், இடைக்காலம், நவீன காலம் என்று மூன்று தலைப்புகளை இட்டுவிட்டு, கிடைக்கும் செய்திகளை அந்தந்தப் பெட்டியில் போட்டுக்கொண்டே போகிறார். பள்ளிப் பாடநூல் தந்த பழக்கம் அது. ஆனால் அந்நியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஒரு நாட்டில், அந்தப் பெட்டிகளைச் செய்தவர் யார் என்று கேட்காமல் அவற்றைக் கையாள்வது, அளந்தவர் யாரென்று தெரியாத நிலத்துக்குப் பத்திரம் எழுதுவதைப் போன்றது. இந்தியாவை, அதிலும் பழைய சென்னை மாகாணத்தின் தமிழ்ப் பகுதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, காலத்தை எப்படிப் பகுப்பது, எந்தச் சான்றை எப்படிப் படிப்பது என்பதை இங்கே பார்க்கலாம்.

கோடு போட்டவர் யார்?

1817-இல் ஜேம்ஸ் மில் வெளியிட்ட இந்திய வரலாறு, இந்நாட்டின் கடந்த காலத்தை இந்துக் காலம், முஸ்லிம் காலம், பிரிட்டிஷ் காலம் என்று மூன்றாகப் பிரித்தது. மில் இந்தியாவுக்கு வந்தவரல்லர். இந்திய மொழி எதுவும் அறிந்தவருமல்லர். அவருடைய பகுப்பில் முதல் இரண்டு காலங்களுக்கும் ஆண்டவர்களின் சமயம் பெயராக அமைய, மூன்றாவதற்கு மட்டும் நாட்டின் பெயர் வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கிறித்தவக் காலம் என்று அவர் எழுதவில்லை. மதம் இந்தியரை ஆண்டது, அறிவு இங்கிலாந்தை ஆண்டது என்ற கருத்து அந்தத் தலைப்புகளிலேயே அடங்கிவிடுகிறது. தமிழகத்துக்கு இந்தப் பகுப்பைப் பொருத்திப் பார்த்தால் அது உடனே பிசகும். சமணப் பள்ளிகளும் பௌத்த விகாரங்களும் நிறைந்திருந்த நூற்றாண்டுகள் ‘இந்து’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றன. 14-ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தான்களின் ஆட்சியோ சில பத்தாண்டுகளே நீடித்தது.

பண்டைய, இடைக்கால, நவீன என்ற பகுப்பு பார்வைக்கு நடுநிலையாகத் தோன்றும். அது ரோமப் பேரரசின் வீழ்ச்சியையும் ஐரோப்பிய மறுமலர்ச்சியையும் எல்லைக்கற்களாகக் கொண்டு ஐரோப்பியர் தங்களுக்கென வகுத்துக்கொண்டது. பின்னர் வந்த தேசிய வரலாற்றாசிரியர்களிற் பலர் இந்தப் பெட்டிகளை மாற்றவில்லை. மேலே ஒட்டியிருந்த சீட்டை மட்டும் மாற்றி, முதல் பெட்டிக்குப் ‘பொற்காலம்’ என்று பெயரிட்டார்கள். ‘இருண்ட காலம்’ என்ற சீட்டும் இத்தகையதே. களப்பிரர் காலத்தை அப்படி அழைத்துவந்ததற்கு, அரச மரபுகளைத் தொடர்ச்சியாகச் சொல்லும் சான்றுகள் அக்காலத்துக்குக் குறைவாக இருந்ததே முதன்மையான காரணம். சான்று குறைந்த காலம் என்பதும் பண்பாடு குன்றிய காலம் என்பதும் வெவ்வேறு செய்திகள். முன்னதைச் சொல்லவந்து பின்னதை எழுதிவிடக் கூடாது.

இன்று ஆய்வாளர்களிடையே வழங்குவது காலனியத்துக்கு முந்தையது, காலனியம், காலனியத்துக்குப் பிந்தையது என்ற பகுப்பு. வரிமுறை, நீதிமன்றம், கல்விமொழி ஆகியவற்றை ஆராய்கிறவருக்கு இது உதவும். ஆனால் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்க்கையை, பின்னால் நிகழப்போகும் ஒரு நிகழ்ச்சிக்கு ‘முந்தையது’ என்று மட்டும் பெயரிட்டு அழைப்பது, பாட்டனைப் பேரனின் பெயரால் அறிமுகப்படுத்துவதற்கு ஒப்பாகும். நைஜீரிய வரலாற்றாசிரியர் அடே அஜாயி, காலனியத்தை ஆப்பிரிக்காவின் நெடிய வரலாற்றில் ஓர் இடைநிகழ்ச்சியாகவே காண வேண்டும் என்று வாதிட்டதும் இதனால்தான்.

முதலில் கேள்வி, அதன் பிறகே கோடு

உங்கள் ஊரில் காலனி ஆட்சி எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு விடை தேடிப் பாருங்கள். பாடநூல் 1757 பிளாசிப் போரைச் சொல்லும். சென்னையில் கோட்டைக்கான இடத்தை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றது 1639-இல். செங்கல்பட்டுப் பகுதியை ஆற்காட்டு நவாபு ஜாகீராக, அதாவது வருவாயை அனுபவிக்கும் உரிமையோடு, கொடுத்தது 1763-இல். சேலமும் திண்டுக்கல்லும் 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கைமாறின. கோயம்புத்தூர் 1799 வரை காத்திருந்தது. நவாபின் மற்றப் பகுதிகள் 1801 உடன்படிக்கையால் கம்பெனிக்கு வந்தன. தஞ்சாவூர் நாட்டை இரண்டாம் சரபோஜி 1799-இல் ஒப்படைத்த பிறகும் 1855 வரை அங்கே மன்னர் என்ற பட்டம் இருந்தது. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்தது. புதுக்கோட்டை 1948 வரை சமஸ்தானம். புதுச்சேரி 1954-இல் நடைமுறையிலும் 1962-இல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. ஆகவே ஒரு மாநிலம் முழுமைக்கும் ஒரே கோடு இழுக்கிறவர், ஏதோ ஓர் ஊரின் வரலாற்றை மற்ற ஊர்களின் தலையில் கட்டுகிறார்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் முறை எளியது. ஒரு தாளில் உங்கள் ஊருக்கு மூன்று ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: வரி வாங்கும் கை மாறிய ஆண்டு, வழக்குத் தீர்க்கும் இடம் மாறிய ஆண்டு, நிலம் சங்கிலி கொண்டு அளக்கப்பட்ட ஆண்டு. மூன்றும் ஒரே ஆண்டாக அமைவது அரிது. அவற்றுக்கு இடைப்பட்ட காலமே பெரும்பாலும் சுவையான வரலாறு, ஏனெனில் பழைய அதிகாரமும் புதிய அதிகாரமும் ஒரே தெருவில் நடமாடிய காலம் அது. கோடு எங்கே இழுப்பது என்பதை இந்த மூன்றில் எதைப் பற்றி எழுதப்போகிறோம் என்பதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபோரு கராஷிமாவின் ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு சோழர் கால ஊர்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் கல்வெட்டுகளில் நிலத்தை விற்றவர் யார், எல்லையில் யாருடைய நிலம் இருந்தது என்பதை அவர் வரிசைப்படுத்தினார். பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரமதேய ஊரான ஈசானமங்கலத்தில் தனியார் உடைமையும், பிரமதேயமல்லாத அல்லூரில் ஊராரின் கூட்டுடைமையும் மேலோங்கி நின்றன. ‘கீழைத்தேயக் கிராமம் மாறாதது, ஒரே மாதிரியானது’ என்ற காலனியக் கால நம்பிக்கையை அசைத்தது எந்தப் பெருங்கோட்பாடும் அன்று, இரண்டு ஊர்களின் எல்லை விவரங்கள்தாம். சோழர் காலம் என்று ஒரே பெயரால் நாம் அழைக்கும் நூற்றாண்டுகளுக்கு உள்ளேயும் நிலவுடைமை மாறிக்கொண்டே இருந்தது என்பதை, மன்னர்களின் பட்டியலை வைத்து ஒருபோதும் கண்டிருக்க முடியாது.

ஆண்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது

நம் சான்றுகள் ஒரே நாள்காட்டியில் பேசுவதில்லை. சக ஆண்டோடு 78-ஐக் கூட்டினால் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். தெற்கே கொல்லம் ஆண்டோடு 825-ஐ, அல்லது மாதத்தைப் பொறுத்து 824-ஐக் கூட்ட வேண்டும். கல்வெட்டுகள் மன்னரின் ஆட்சியாண்டைச் சொல்லும். உத்தரமேரூர்க் கல்வெட்டு ‘மதிரை கொண்ட கோப்பரகேசரிவர்மர்’ என்று தொடங்கிப் 12-ஆவது யாண்டைக் குறிக்கிறது. பரகேசரி என்பது சோழ மன்னர் பலருக்கு முறைவைத்து வந்த பட்டம். ‘மதிரை கொண்ட’ என்ற அடைமொழிதான் இவர் முதலாம் பராந்தகர் என்று காட்டுகிறது. அவர் 907-இல் பட்டமேறினார் என்பதால் கல்வெட்டு 919-ஐச் சேர்ந்தது. நம் நூல்களில் அத்தியாயங்கள் அரச மரபுகளின் பெயரால் அமைந்ததற்கும் இதுவே பெருங்காரணம்: கல்லில் வெட்டியவர் மன்னரை வைத்து நாளை எண்ணினார், படித்தவர் மன்னரை வைத்து வரலாற்றைப் பிரித்தார்.

வருவாய்த்துறை ஆவணங்களில் பசலி ஆண்டு வரும். ஜூலை முதல் ஜூன் வரை ஓடும் அந்த ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். ஆக, பசலி 1286 என்பது 1876 ஜூலையிலிருந்து 1877 ஜூன் வரை. அதையே சக ஆண்டு என்று எண்ணிக் கணக்கிட்டால் 1364 வரும். அப்புறம் மதுரை சுல்தான்கள் காலத்தில் கலெக்டர் ஜமாபந்தி நடத்தியதாக எழுத நேரிடும்.

அந்தப் பசலி 1286-ஐச் சற்று அருகில் சென்று பார்ப்போம். அரசாங்கக் கோப்புகளில் அது 1876–78 பஞ்சம். ஊராரின் நினைவில் அது தாது வருஷப் பஞ்சம். தாது என்பது அறுபது ஆண்டுச் சுழற்சியில் வருவதால் 1936-லும் 1996-லும் தாது வருஷம் மீண்டும் வந்தது. ஆகவே ஒரு மூதாட்டி சொன்னதாகக் கேள்விப்பட்ட ‘தாது வருஷம்’ எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்பதை, அவருடைய தலைமுறைக் கணக்கைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். பஞ்ச நிவாரணத்துக்கென அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-இல் கூலியைக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், அந்த அளவு உயிர் தரிக்கவே போதாது என்று எதிர்த்து எழுதினார். இருவரும் அரசாங்க அதிகாரிகள். இருவரின் எழுத்தும் அரசாங்க ஆவணமே. அரசு ஒரே குரலில் பேசியது என்று எண்ணிக்கொண்டு காப்பகத்துக்குப் போகாதீர்கள். கோப்பில் அதிகாரிகளுக்குள் சச்சரவு எங்கே நிகழ்கிறது என்று தேடினால், மக்கள் பட்ட பாடு பெரும்பாலும் அந்தப் பக்கங்களில் வெளிப்படும்.

ஆட்சியாளரின் எழுத்தை எப்படிப் படிப்பது?

‘கலகம்’, ‘கொள்ளை’, ‘கட்டுக்கடங்காதவர்’ என்பன கோப்புகளில் தாராளமாகக் கிடைக்கும் சொற்கள். கலகத்தை அடக்குவதற்காக எழுதப்பட்ட கடிதம், கலகம் செய்தவரின் நோக்கத்தைத் தன்னையறியாமல் பதிவு செய்திருக்கும் என்று வரலாற்றாசிரியர் ரணஜித் குஹாவும், 1982 முதல் வெளிவந்த அடித்தள மக்கள் ஆய்வு வரிசையில் எழுதியவர்களும் காட்டினார்கள். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டபோது, மேஜர் பானர்மன் மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து அதைப் பார்க்கவைத்தார். குற்றவாளி ஒருவரைத் தண்டிப்பதற்கு அத்தனை பேரைக் கூட்ட வேண்டிய தேவை என்ன என்று கேட்டால், கம்பெனி எதற்கு அஞ்சியது என்பது விளங்கும். கட்டபொம்மன் கதைப்பாடலைத் தேதிக்காகத் தேடக் கூடாது; எந்தச் செயலை மக்கள் மானம் என்று எண்ணினார்கள், யாரைத் துரோகி என்றார்கள் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை.

வகைப்பாடுகளில் இன்னும் விழிப்பு வேண்டும். சில சமூகத்தாரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதி 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தச் சட்டத்தின் சொல்லையே உங்கள் நடையில் எடுத்து எழுதினால், அன்றைய காவல்துறையின் தீர்ப்பை நீங்களும் வழிமொழிந்தவராகிவிடுவீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இப்படித்தான்: ஒருவர் தம்மை எவ்வாறு சொல்லிக்கொண்டார் என்பது வேறு, கணக்கெடுத்தவர் எந்தக் கட்டத்தில் எழுதினார் என்பது வேறு. ‘நாடார்’ என்ற பெயரை அரசு ஏற்றது 1921-இல். அதற்கு முந்தைய பதிவேடுகளில் அந்தப் பெயரை மட்டும் தேடுகிறவர், ஒன்றுமே இல்லை என்று திரும்பிவிடுவார்.

ஆட்சியாளரின் வட்டத்துக்குள் இருந்தும் வேறு குரல்கள் கிடைக்கின்றன. புதுச்சேரியில் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, பிரெஞ்சுக் கவர்னரின் அறைக்குள் நடந்ததைத் தமிழில் சொல்கிறது. கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளும், கைபீது எனப்படும் ஊர் வரலாற்றுக் குறிப்புகளும் காவலி வெங்கட போரையா, லட்சுமையா போன்ற உதவியாளர்கள் ஊர் ஊராகச் சென்று சேர்த்தவை. தலைப்பில் இருப்பது துரையின் பெயர், உழைப்பு இவர்களுடையது.

சான்று எங்கே இருக்கிறது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே. நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடையளித்ததைக் கூறும் சோழர் செப்பேடுகள் டச்சுக்காரர் வழியாக லெய்டனுக்குச் சென்றன. நாகப்பட்டினத்தில் மிஞ்சியிருந்த பழைய விகாரக் கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. 11-ஆம் நூற்றாண்டைப் பற்றி எழுதுகிறவரும் 17, 19-ஆம் நூற்றாண்டுகளைப் படித்துத்தான் ஆக வேண்டும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள். அங்கே 1670 முதல் ஆவணங்கள் உள்ளன. போகும்முன் மாவட்டம், வட்டம், பசலி, அக்கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஊர்ப்பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு செல்வது பாதி வேலையைக் குறைக்கும். அதற்கு முன் செய்ய வேண்டியது, ஊர்க் கணக்கு எழுதிய பழைய கர்ணம் வீட்டுப் பரணைப் பார்ப்பது.

இனி பொருளடக்கத்துக்கு வருவோம். உங்கள் ஊர் ஒரு ஜமீன் கிராமம் என்று கொள்வோம். பாளையக்காரருக்கு வரி செலுத்திய காலம் முதல் பகுதி. வரியை என்றைக்கும் மாறாதபடி நிர்ணயித்த 1802-இன் நிரந்தரத் தீர்வு பாளையக்காரரை ஜமீன்தாராக்கியதிலிருந்து இரண்டாம் பகுதி. ஜமீன்களை ஒழித்து, உழவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து மூன்றாம் பகுதி. இந்த ஊரின் நிலவரலாற்றில் 1947 ஆகஸ்ட் 15-க்கு ஒரு பத்தி போதும். மறு ஆண்டு வந்த சட்டமோ, யாருக்குப் பட்டா கிடைத்தது, உழுதவர் பெயர் எந்தப் பக்கத்தில் விடுபட்டது என்று நில அளவைப் பதிவேட்டை வரி வரியாகப் படிக்கச் சொல்லும்.