அந்தமானில் எந்தக் கடற்கரைக்கு எப்போது செல்வது?

அந்தமானுக்கு ஐந்தாறு நாள் பயணமாகச் செல்வோர், பார்க்க வேண்டிய இடங்களை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு அவற்றை நாட்களுக்குள் திணிப்பதே வழக்கமாக இருக்கிறது. கடற்கரைகளுக்கு இந்த முறை ஒத்துவராது. ஒரு கரை எந்தத் திசையை நோக்கி இருக்கிறது, அங்கே கடல்நீர் எப்போது ஏறி எப்போது வற்றுகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகே அதற்கு நாள் ஒதுக்க வேண்டும்.

ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரை மேற்கு நோக்கியது. அதே தீவின் காலாபத்தர் கடற்கரை கிழக்கு நோக்கியது. ஆகவே முன்னதற்கு மாலையும் பின்னதற்கு விடியற்காலையும் பொருந்தும். இங்கே பலரும் கவனிக்கத் தவறுவது கடிகாரத்தை. அந்தமானிலும் இந்திய நேரமே புழங்குகிறது; ஆனால் சென்னைக்கு ஏறத்தாழ 12 பாகை கிழக்கே இருப்பதால் அங்கு பொழுது முன்னதாகவே சாய்ந்துவிடும். டிசம்பரில் மாலை 5 மணி அளவிலேயே சூரியன் மறைகிறது. மதிய உணவை முடித்து, சற்று உறங்கி எழுந்து, நான்கரை மணிக்குக் கிளம்புபவருக்கு ராதாநகரில் இருட்டுதான் மிஞ்சும். 3 மணிக்கே மணலில் இருப்பது நல்லது.

நீல் தீவில் திசையைவிட ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம்தான் முக்கியம். லட்சுமண்பூர் பகுதியில் கடல் குடைந்தெடுத்த இயற்கைப் பாலத்தை நீர் வற்றிய வேளையில்தான் நெருங்கிப் பார்க்க முடியும். அப்போது வழியெங்கும் கூர்மையும் வழுக்கலுமான பாறைத் தரை வெளிப்படும். அதன் குழிகளில் தேங்கிய நீரில் சிறு மீன்களும் கடல் அட்டைகளும் அகப்பட்டுக் கிடக்கும். பிடிப்புள்ள காலணி இல்லாமல் அங்கே நடக்கக் கூடாது. பரத்பூர் கடற்கரையின் நிலை இதற்கு நேர்மாறானது: நீர் வற்றினால் அங்கே குளிப்பதற்கு ஆழம் இராது, கண்ணாடி அடித்தளப் படகுகளும் சரிவர ஓட முடியாது. இரண்டையும் ஒரே வேளையில் அடுத்தடுத்துப் பார்க்க நினைத்தால் ஒன்று கெடும். இடையில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் விட வேண்டும். நம் வீட்டு நாட்காட்டியே இதற்கு ஓரளவு உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக உள்வாங்கும். அஷ்டமியை ஒட்டி ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கும். வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், சரியான மணியைத் தங்குமிடத்தில் முந்தைய நாளே கேட்டுவிடுங்கள்.

பவளப்பாறைகளைக் காண ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் கடற்கரை, வாண்டூரிலிருந்து படகில் செல்லும் ஜாலி பாய் தீவு என இரண்டு இடங்கள் பெயர்பெற்றவை. ஒன்று போதும் என்பது என் கருத்து. நீர் விளையாட்டுகள் வேண்டுவோருக்கு முன்னதும், சந்தடி பிடிக்காதவர்களுக்குப் பின்னதும் ஏற்றவை. ஜாலி பாய்க்கு முன் அனுமதி தேவை, பிளாஸ்டிக் பைகளுக்கு இடமில்லை, ஆண்டு முழுவதும் திறந்தும் இருக்காது. எங்கே சென்றாலும் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்குமிடத்தில் நீரில் இறங்க வேண்டாம். பவளத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம்.

போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த ஸ்ரீ விஜயபுரத்தில், 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையை வந்திறங்கும் நாளுக்கே வைத்துக்கொள்ளலாம். அதன் ஏழு கட்டடக் கிளைகளில் எஞ்சியிருப்பவை மூன்றே. மாலை ஒலி-ஒளிக் காட்சியையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நாள் நிறைந்துவிடும்.

பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளுக்கு ஒரு முழு நாள் போகும். சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் வழியே செல்வதால், குறித்த நேரங்களில் காவலுடன் மட்டுமே வண்டிகளை விடுகிறார்கள். வழியில் நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது. குறைந்த நாட்களே உள்ளவர்கள் இதைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கு இடையிலான படகுகள் ரத்தாகும் என்பதால், ஹேவ்லாக்கையும் நீலையும் பயணத்தின் நடுவில் முடித்து, விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவு ஸ்ரீ விஜயபுரத்திலேயே தங்குமாறு அறையைப் பதிவு செய்யுங்கள்.