பெஞ்சின் ஆழத்தை அளப்பது எப்படி: நோட்டும் பேனாவும் போதும்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2025 இறுதிச்சுற்று, மூன்றாவது ஆட்டம். இண்டியானா பேசர்ஸின் பெஞ்ச், அதாவது மாற்று ஆட்டக்காரர்கள், 49 புள்ளி எடுத்தார்கள். ஓக்லஹோமா சிட்டி தண்டரின் பெஞ்சிலிருந்து வந்தது 18 மட்டுமே. பெனடிக்ட் மாத்துரின் ஒருவரே 27 எடுக்க, பேசர்ஸ் 116-107 என்று வென்றது. அன்றிரவு எந்த அணி ஆழமானது என்று கேட்டிருந்தால் பதிலில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. அடுத்த ஆட்டத்திலேயே தண்டர் பயிற்சியாளர் மார்க் டேக்னால்ட், தொடர் தொடங்கும்போது பெஞ்சுக்கு அனுப்பியிருந்த சென்டர் (பொதுவாக வளையத்தடியில் ஆடும் உயரமானவர்) ஐசயா ஹார்ட்டன்ஸ்டைனை மறுபடி முதல் ஐவரில் இறக்கி, 111-104 என்று தொடரைச் சமன் செய்தார். ஏழாவது ஆட்டத்தில் கோப்பையும் தண்டருக்கே போனது.

பெஞ்ச் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் ஆழம் தெரியாது. பார்க்க வேண்டியவை இரண்டு: நட்சத்திரம் உட்காரும் நிமிடங்களை யார் தாங்குகிறார்? எதிரணி குறிவைத்துத் தாக்கினாலும் யாரைக் களத்திலிருந்து எடுக்காமல் வைத்திருக்க முடிகிறது?

முதலில் 240 என்று எழுதுங்கள்

ஒரு ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர். பங்கிட இருப்பது 240 நிமிடம், கூடுதல் நேரம் போனால் ஒழிய ஒரு நிமிடம் கூடாது, குறையாது. வழக்கமான சீசனில் முதல் ஐவருக்கும் சராசரியாக 32 நிமிடம் என்று வைத்தால் 160 போய்விடும். மீதி 80 நிமிடத்தை நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்வார்கள். கோப்பைக்கான பிளே ஆஃப் சுற்றுகள் வந்ததும் அதே ஐவர் 38 நிமிடம் வரை போவார்கள். 190 கழிந்தால் மீதி 50, அதாவது மூன்று பேருக்கான வேலை.

ஆகவே நோட்டில் இரண்டு பட்டியல் போடுங்கள். வழக்கமான சீசனின் 82 ஆட்டங்களைக் கடத்த எத்தனை பேர் தேவை என்பது ஒன்று. பிளே ஆஃப் நடக்கும் மே மாதத்தில் ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆள் யார் என்பது இன்னொன்று. ஒன்பதாவது, பத்தாவது ஆட்களுக்கு வேலையே இல்லை என்று பொருளில்லை. முதல் பட்டியல் அவர்கள் தோளில்தான் நிற்கிறது. 2013-14 சீசனில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸில் ஒருவர்கூட சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. ஆனாலும் 62 ஆட்டங்களை வென்றார்கள். பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் சேமித்து வைத்த அந்தக் கால்கள்தான் ஜூன் மாதத்தில் மியாமியை 4-1 என்று வீழ்த்தின.

ஓட்டையைத் தேடுங்கள்

ஒரு பக்கத்தில் 48 கட்டம் போட்டு, அணியின் இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் களத்தில் இருக்கும் நிமிடங்களை மட்டும் நிரப்புங்கள். பல அணிகளிலும் காணக்கூடிய முறை இது: முதலாமவர் முதல் குவார்ட்டரின் 12 நிமிடமும் ஆடி, இரண்டாவதின் முதல் ஆறு நிமிடம் உட்கார்ந்து, கடைசி ஆறுக்குத் திரும்புவார். இரண்டாமவர் முதல் குவார்ட்டரின் பாதியிலேயே வெளியேறி, இரண்டாவது குவார்ட்டரை மாற்று ஆட்டக்காரர்களோடு தொடங்கி முழுக்க ஆடுவார். பிற்பாதியிலும் இதே கணக்கு. இருவருக்கும் 36 நிமிடம் கிடைக்கிறது. இருவரும் சேர்ந்து உட்காரும் நிமிடம் ஒன்றுகூட இல்லை.

காகிதத்தில்தான் இது இவ்வளவு சுத்தமாக இருக்கும். இரண்டாமவர் முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு ஃபவுல் வாங்கினால் கட்டம் முழுவதும் நகர்ந்துவிடும், ஏனென்றால் ஆறாவது ஃபவுலோடு அவருடைய ஆட்டம் முடிந்தது. அதனால் நான்கைந்து ஆட்டங்களுக்காவது கட்டம் போட்டு, இருவரும் வெளியே இருந்த நிமிடங்களை மட்டும் வட்டமிடுங்கள். அந்த வட்டங்களில் அணி எத்தனை புள்ளி பெற்றது, எத்தனை கொடுத்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். வட்டம் ஆட்டத்துக்கு நான்கு நிமிடத்தைத் தாண்டினால் அங்கே கவலைப்பட வேண்டியது இருக்கிறது.

டென்வர் நகட்ஸுக்கு நிகோலா ஜோக்கிச் உட்காரும் நிமிடங்கள் நீண்டகாலத் தலைவலி. 2023 பிளே ஆஃபில் பயிற்சியாளர் மைக்கேல் மலோன் அந்த நிமிடங்களுக்கு வழக்கமான மாற்று சென்டரைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. ஆரன் கார்டனையே சென்டர் இடத்துக்கு நகர்த்தி, புரூஸ் பிரவுன், கிறிஸ்டியன் பிரான் போன்றவர்களைச் சுற்றி நிறுத்தினார். இறுதிச்சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் அறிமுக சீசன் ஆடிய பிரான் 15 புள்ளி எடுத்தார், நான்காவதில் பிரவுன் 21. கோப்பை வந்த கையோடு பிரவுன் இண்டியானாவுக்குப் போனார்: இரண்டு ஆண்டுக்கு 4.5 கோடி டாலர். சம்பள விதிகளின்படி டென்வரால் அதற்குக் கிட்டே போகும் தொகையைக்கூட நீட்ட முடியவில்லை. நல்ல துணை ஆட்டக்காரர் குறைந்த சம்பளத்தில் ஒரு வருட ஒப்பந்தத்தில் இருந்தால், அவர் பெயருக்கு எதிரே ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.

பொசிஷனை எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள்

'மாற்று ஃபார்வர்ட்' என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. பந்தை முன்னால் கொண்டுபோவது, மூலையில் நின்று த்ரீ (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து மூன்று புள்ளி ஷாட்) போடுவது, எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை மறிப்பது, வளையத்தைக் காப்பது, வந்த பந்தை அரை வினாடியில் சரியான கைக்கு அனுப்புவது: இவற்றில் எது அவருடைய வேலை என்று எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு கேள்வி. இவரை எதிரணி காலியாக விடுமா? இவரை எதிரணி வேட்டையாடுமா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் அவர் மே மாதத்து ஆள்.

முதல் கேள்விக்கு விடை காணப் பந்தைப் பார்க்கக் கூடாது. மூலையில் நிற்பவரை மறிக்க வேண்டிய ஆளின் கால்களைப் பாருங்கள். மூலையில் த்ரீ கோடு வளையத்திலிருந்து 22 அடிதான், நடுவில் 23 அடி 9 அங்குலம். அணியின் மிக எளிய த்ரீ அங்கேதான் கிடைக்கும். அப்படியிருந்தும் மறிப்பவர் ஒரு காலைப் பெயிண்டுக்குள் (வளையத்துக்கு முன்னால் உள்ள வண்ணமிட்ட செவ்வகம்) வைத்து வளையத்தைப் பார்த்து நிற்கிறார் என்றால், மூலையில் நிற்பவரை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. யாரையும் மறிக்காமல் பெயிண்டுக்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்க விதி விடாது. அதனால் அவர் உள்ளே ஒரு அடி, வெளியே ஒரு அடி என்று தாளம் போட்டுக்கொண்டிருப்பார். அந்தத் தாளத்தைக் கண்டால் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள்.

2015 பிளே ஆஃபில் மெம்பிஸ் கிரிஸ்லீஸின் டோனி ஆலனுக்கு நடந்தது இதுதான். அந்த சீசனில் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் ஐவரில் ஒருவராகத் தேர்வானவர் அவர். மெம்பிஸுக்கு எதிரான தொடரில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 1-2 என்று பின்தங்கியிருந்தபோது தன் சென்டர் ஆண்ட்ரூ போகட்டைப் பெயருக்கு ஆலன் மீது போட்டது. போகட் அவரைக் காலியாக விட்டுவிட்டு வளையத்தடியில் நின்றார். மெம்பிஸின் தாக்குதலுக்கு இடமே இல்லாமல் போனது. அவ்வளவு சிறந்த தடுப்பாட்டக்காரரையே பயிற்சியாளரால் களத்தில் வைத்திருக்க முடியவில்லை. அடுத்த மூன்று ஆட்டத்தையும் வாரியர்ஸ் வென்று மேலே போனது.

வேட்டை என்பது மறுபக்கம். எதிரணி பிக் அண்ட் ரோலுக்கு யாரைக் கூப்பிடுகிறது என்று எண்ணுங்கள். அதில் ஒருவர் பந்து வைத்திருப்பவரை மறிப்பவரின் வழியில் நின்று தடுப்பார், அதுதான் ஸ்க்ரீன். ஸ்க்ரீன் போட வருபவர் முக்கியமல்ல. அவரை மறித்துக்கொண்டிருந்தவர் யார் என்பதுதான் முக்கியம். நான்காவது குவார்ட்டரில் ஒரே ஆள் ஐந்தாறு முறை இழுக்கப்பட்டால் அவரை எதிரணி கண்டுபிடித்துவிட்டது.

எண்களில் எங்கே சறுக்கும்

ஐவர் கூட்டணியின் பிளஸ் மைனஸை (அவர்கள் களத்தில் இருந்தபோது அணி எடுத்த புள்ளிக்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம்) எடுத்துவைத்து வாதாடுபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். 100 நிமிடம் சேர்ந்து ஆடிய கூட்டணி என்றால் நிறைய என்று தோன்றும். அது சுமார் 200 பொசஷன்தான், அதாவது ஒவ்வொரு அணியும் பந்தை வைத்துத் தாக்கும் 200 வாய்ப்பு. அதில் எதிரணி ஏறத்தாழ 75 த்ரீ போடும். 36 சதவீதம் என்றால் 27 உள்ளே விழும். வெறும் அதிர்ஷ்டத்தில் அது 23 ஆகவும் குறையலாம், 31 ஆகவும் கூடலாம். நான்கு த்ரீ என்றால் 12 புள்ளி. அதாவது 100 பொசஷனுக்கு ஆறு புள்ளி, யாருடைய திறமையும் சம்பந்தப்படாமலே ஏறும் இறங்கும். நல்ல அணிக்கும் சுமாரான அணிக்கும் உள்ள தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான். 400 பொசஷனுக்குக் கீழே உள்ள கூட்டணியின் எண்ணை வைத்து யாரையும் தூக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். 20 புள்ளி வித்தியாசத்தில் முடிவு தெரிந்த பின் ஆடிய நிமிடங்களைக் கழித்துவிடுங்கள்.

ஒருவர் விழுந்தால் எத்தனை பேர் நகர வேண்டும்

கடைசிச் சோதனை இது, என் பார்வையில் மிகக் கறாரானதும் இதுதான். முதல் ஐவரில் ஒரு பெயரை அடித்துவிட்டு, யார் உள்ளே வருவார், வேறு எத்தனை பேரின் வேலை மாறும் என்று எழுதுங்கள். 2024-இல் பாஸ்டன் செல்டிக்ஸின் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸ் முதல் சுற்றிலேயே கெண்டைக்கால் காயத்தோடு வெளியேறிப் பத்து ஆட்டம் ஆடவில்லை. அல் ஹோர்ஃபோர்ட் உள்ளே வந்தார். அவரும் வெளியே நின்று த்ரீ போடும் சென்டர் என்பதால் மற்ற நால்வரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அந்த பிளே ஆஃபில் செல்டிக்ஸ் 16-3. ஒருவர் போனதும் ஃபார்வர்ட் சென்டராகி, கார்ட் ஃபார்வர்டாகி, புதிதாக ஒருவர் பந்தைக் கொண்டுவர வேண்டியிருந்தால், பட்டியலில் 15 பெயர் இருந்தும் பயனில்லை.

நகர்த்தலே ஆயுதமாவதும் உண்டு, அதற்கு முன்கூட்டியே ஆடிப் பழகிய கூட்டணி வேண்டும். 2015 இறுதிச்சுற்றில் 1-2 என்று பின்தங்கிய வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர், போகட்டை உட்கார வைத்து, சீசன் முழுக்க ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்காத ஆண்ட்ரே இகோடாலாவை நான்காவது ஆட்டத்தில் முதல் ஐவரில் இறக்கினார். 103-82. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இகோடாலாவுக்கே கிடைத்தது. அந்த ஐவர் சீசனிலேயே சேர்ந்து ஆடியிருந்ததால்தான் அப்படித் துணிய முடிந்தது.

இந்தப் பக்கத்தை ஆண்டில் மூன்று முறை புதிதாக எழுதுங்கள்: சீசன் தொடங்கி 20 ஆட்டம் ஆனதும், பிப்ரவரியில் வீரர் பரிமாற்றக் கெடு முடிந்ததும், மார்ச் 1 அன்றும். அந்தத் தேதிக்குப் பிறகு ஒரு அணி விடுவித்தவர் வேறு அணிக்கு பிளே ஆஃப் ஆட முடியாது. டூ வே ஒப்பந்தத்தில் (அணிக்கும் அதன் கீழ்நிலை அணிக்கும் மாறி மாறி ஆடும் ஒப்பந்தம்) இருக்கும் மூவரும் முழு ஒப்பந்தத்துக்கு மாற்றப்படாவிட்டால் பிளே ஆஃபில் ஆட முடியாது; அவர்களை அடித்துவிட்டு மீதியை எண்ணுங்கள்.